வாழைப்பழமும் உண்டியலும்

2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘டெஸ்பிக்கபிள் மீ’ என்னும் அனிமேஷன் திரைப்படத்தில் ஒரு வங்கி வருகிறது. வானத்து நிலவையே திருடிவிடத் திட்டமிடும் க்ரூ என்னும் வில்லன், ராக்கெட் செய்வதற்குக் கடன் கேட்டு அவ்வங்கியின் படியேறுகிறான். தீயோருக்கென்றே நடத்தப்படும் அவ்வங்கியின் பெயர்ப்பலகையில், பெயருக்குக் கீழே ‘முன்னாள் லேமன் பிரதர்ஸ்’ என்று பொறித்திருக்கும். 2008இல் சரிந்து வீழ்ந்த அந்த அமெரிக்க நிதி நிறுவனத்தை நினைவில் வைத்திருப்போர் அவ்விடத்தில் வாய்விட்டுச் சிரிப்பர். வங்கியின் இதழிலேயே இதனை எழுதுவதில் நமக்குச் சிறிது கூச்சம் உண்டு. எனினும் அடுத்து வரும் காட்சிக்காக இதனைச் சொல்லியாக வேண்டும். க்ரூவுக்கு வயதாகிவிட்டது என்று வங்கி கைவிரித்துவிடுகிறது. ஆய்வுக்கூடமே சோர்ந்து நிற்கும் அவ்வேளையில், தன் சூழ்ச்சிக்காக அவன் தத்தெடுத்து வந்த மூன்று சிறுமியர் தங்கள் உண்டியலைக் கொண்டுவந்து நீட்டுகின்றனர். அதைக் கண்டு மினியன்கள் என்னும் அந்த மஞ்சள் நிறக் குட்டி ஏவலர்களும் தத்தம் கையிருப்பைத் தருகின்றனர். வங்கி தர மறுத்த பணத்தைக் குழந்தைகளின் சில்லறை தொடங்கி வைக்கிறது.

அந்த உண்டியல்தான் கடந்த மே மாதம் முழுவதும் நம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறைக்காக மாட்டுங்காவில் உள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்த எட்டு வயதுப் பேத்தி, ‘மினியன் ரஷ்’ என்னும் கைப்பேசி விளையாட்டை எமக்குக் கற்றுக்கொடுத்தாள். இத்திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வெளியான 2013ஆம் ஆண்டிலேயே வந்த விளையாட்டு அது. பதிவிறக்கக் கட்டணம் ஏதும் இல்லை. மினியன் ஒன்று நில்லாது ஓடிக்கொண்டிருக்கும். விரலால் திரையை இழுத்து அதனை இடமும் வலமும் திருப்ப வேண்டும், தாவச் செய்ய வேண்டும், குனிந்து சறுக்கச் செய்ய வேண்டும். வழி நெடுக வாழைப்பழங்கள். மினியன்களுக்கு அவற்றின்மேல் தீராத ஆசை என்பது படம் பார்த்தோர் அறிந்ததே. க்ரூவின் ஆய்வுக்கூடத்தில் நம் மினியன் முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. இரண்டாம் முறையும் மோதியது. “தாத்தா, நீங்க லேட்டாத் திருப்புறீங்க” என்பது பேத்தியின் தீர்ப்பு. அறுபதைக் கடந்த விரல்களுக்கு அதற்குமேல் விரைவு கூடவில்லை.

கைப்பேசி விளையாட்டு என்றாலே முகம் சுளிப்போரின் கட்சியில் நாம் இல்லை. இவ்விளையாட்டு உழைத்துச் செய்யப்பட்ட ஒன்று. வண்ணமும் இசையும் குறும்பும் படத்திலிருந்து சிதையாமல் வந்திருக்கின்றன. படத்தில் மினியன்களுக்குக் குரல் கொடுத்தோருள் அதன் இயக்குநர்களுள் ஒருவரான பியர் காஃபினும் உண்டு. பொருளே இல்லாத அந்தக் கொஞ்சுமொழியில் ஒரு தனி இன்பம் உண்டு. ஒரு தாத்தாவும் பேத்தியும் சோபாவில் தோளோடு தோள் உரசிச் சிரிக்க இது இடந்தருகிறது எனில், அதனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம் கவலை விளையாட்டைப் பற்றியதன்று. அதன் நெற்றியில் ஒட்டியுள்ள ‘இலவசம்’ என்னும் சொல்லைப் பற்றியது.

இலவசமாகத் தரப்படும் விளையாட்டுகள் இரு வழிகளில் பொருளீட்டுகின்றன. ஒன்று விளம்பரம். மற்றொன்று விளையாட்டுக்குள்ளேயே நடைபெறும் விற்பனை. ஆடுவோருள் பெரும்பாலோர் ஒரு ரூபாயும் செலவிடுவதில்லை என்பது இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த செய்தி. செலவிடும் சிறு பங்கினரைக் கொண்டே முழுக் கடையும் நடக்கிறது. ஆகவே யாரோ ஒருவரை அச்சிறு பங்கினுள் கொண்டுவருவதே வடிவமைப்பாளரின் வேலையாகிவிடுகிறது.

இங்கே இரண்டு நாணயங்கள் புழங்குகின்றன. ஓடி ஓடிச் சேர்க்கும் வாழைப்பழம் ஒன்று. எளிதில் கிடைக்காததும், உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கத்தக்கதுமான டோக்கன் மற்றொன்று. மினியனுக்குப் புத்தாடை வேண்டும் என்று பேத்தி கேட்டபோது எமக்குள் நடந்த உரையாடல் இது:

“தாத்தா, இதுக்குப் பணம் வேண்டாம். டோக்கன்தான்.”

“அந்த டோக்கனை எதைக் கொடுத்தும்மா வாங்கணும்?”

சற்று யோசித்தாள். “அது... அப்பா போன்ல இருக்கும்” என்றாள்.

வங்கிப் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்த நமக்கு அவ்விடை ஒரு பாடமாகவே இருந்தது. அயல்நாட்டுப் பயணத்தின் முதல் நாளில் நாமும் இப்படித்தான் தடுமாறுகிறோம். கையில் உள்ள தாளின் மதிப்பு மனத்தில் பதியாதவரை, பணம் விளையாட்டுக் காசாகவே தோன்றும். இவ்வகை விளையாட்டுகள் பலவும் அந்தத் தடுமாற்றத்தை நிலையாகவே வைத்திருக்கின்றன. வைரக்கல், படிகம், பொற்காசு என்று பெயர்தான் மாறும். பொருளின் விலை டோக்கனில், டோக்கனின் விலை ரூபாயில். இடையில் ஒரு திரை. போதாக்குறைக்கு, வேண்டிய அளவில் வாங்க இயலாது. அவர்கள் கட்டிவைத்த பொதியாகவே வாங்க வேண்டும். மிஞ்சும் டோக்கன்கள் அடுத்த பொதியை வாங்கச் சொல்லி உறுத்திக்கொண்டே இருக்கும்.

இதனினும் நுட்பமானது காத்திருப்பின் வணிகம். உயிர் தீர்ந்துவிட்டால் அரைமணி நேரம் பொறுத்திரு, அன்றேல் பணம் செலுத்து என்று நிற்கும் விளையாட்டுகள் பல உண்டு. நம் தொழிலோ இதற்கு நேரெதிரானது. வங்கி என்பது பொறுத்திருப்போருக்குக் கூலி தரும் இடம். 6.5 விழுக்காட்டு வட்டியில் ஆயிரம் ரூபாயை ஓராண்டு வைத்திருந்தால், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர, கிடைப்பது ஏறத்தாழ 67 ரூபாய். ஓராண்டுப் பொறுமையின் ஊதியம் அது. அதே 67 ரூபாயை அரைமணி நேரப் பொறுமையின்மைக்காக ஒரு குழந்தை ஒரே தொடுதலில் கொடுத்துவிட முடியும். நாம் உண்டியல் வாங்கிக்கொடுத்துப் பல ஆண்டுகள் பழக்கும் பண்பை, மறுபுறம் ஒரு திரை நாள்தோறும் பத்து முறை கலைத்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் அறவுரை அன்று என்பதற்கு, நம் நெடுநாள் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். விளையாட்டின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு யுபிஐ இரகசிய எண் தெரியும். கீழே உள்ள கடையில் பாலும் காய்கறியும் அவன்தான் வாங்கி வருவான். அதில் பெற்றோருக்குப் பெருமை. ஒரு நாள் பள்ளியின் இரண்டாம் பருவக் கட்டணத்தைச் செலுத்தப் போனபோது இருப்பு போதவில்லை. கணக்கைப் புரட்டினால், மூன்று வாரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு பற்றுகள், மொத்தம் ரூ.11,400. ஒவ்வொன்றுக்கும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. விளம்பரச் செய்திகளுக்கிடையே அவை எவர் கண்ணிலும் படவில்லை. வந்த செய்தியிலும் விளையாட்டின் பெயர் இல்லை. பணம் வாங்கித் தந்த செயலி அங்காடியின் பெயர் மட்டுமே இருந்தது. பையன் எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அவன் எடுத்தது பணமன்று, வைரக்கல்.

நண்பர் வங்கியை அணுகினார். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு ஜூலைச் சுற்றறிக்கை இதில் தெளிவாகவே இருக்கிறது. வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின்னர் நேர்வது மட்டுமே வங்கியின் பொறுப்பு. வெளியார் மோசடிக்கு மூன்று வேலைநாள்களுக்குள் முறையிட்டால் கிடைக்கும் பாதுகாப்பு, சொந்த மகனுக்கு எண்ணைச் சொல்லிக்கொடுத்தவருக்குக் கிடைப்பதில்லை. விதி கடுமையாகத் தோன்றலாம். நம் கருத்தில் அது நியாயமானதே. இரகசிய எண் என்பது கையெழுத்து. பத்து வயதுப் பிள்ளைக்குத் தம் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு எவரும் காசோலைப் புத்தகத்தை மேசைமேல் வைத்துச் செல்வதில்லை.

இவ்வகை வழக்குகள் உலகெங்கும் எழுந்துள்ளன. குழந்தைகள் பெற்றோரின் இசைவின்றிச் செய்த கொள்முதல்களுக்காக, 2014ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 325 இலட்சம் டாலரையும், கூகுள் குறைந்தது 190 இலட்சம் டாலரையும் நுகர்வோருக்குத் திருப்பித் தர ஒப்பின. அதே ஆண்டு ஆப்பிள் தன் அங்காடியில் ‘இலவசம்’ என்றிருந்த பொத்தானின் சொல்லை ‘பெறுக’ என்னும் பொருள்படும் சொல்லாக மாற்றியது. சிறு மாற்றந்தான்; எனினும் ஒரு சொல்லின் பொய்யை ஒப்புக்கொண்டது போலாயிற்று. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை மருட்டும் பதின்மூன்று வடிவமைப்பு உத்திகளை வரையறுத்துத் தடுக்கின்றன. பொய்யான அவசரத்தைக் காட்டுவது அவற்றுள் ஒன்று. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, பணம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களைப் பற்றியது. மினியனுக்கு உடை வாங்குவதை அது தொடாது. ஆகவே இவ்விடத்தில் காவல் நிற்க வேண்டியது வீடுதான்.

அக்காவல் கடினமானதன்று. ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு செயலி அங்காடியில் அமைத்துவிடலாம். குடும்பக் கணக்கில் பிள்ளையின் கொள்முதல் பெற்றோரின் இசைவுக்காகக் காத்து நிற்குமாறும் செய்யலாம். அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை நிறுத்திவைக்கவும் உச்சவரம்பு இடவும் 2020 முதல் வாடிக்கையாளர் கையிலேயே வசதி உள்ளது. பத்து வயது நிரம்பிய சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே நடத்த 2025இல் ரிசர்வ் வங்கி இசைவளித்திருக்கிறது. அக்கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. மாதக் கைச்செலவுப் பணத்தை அதிலிட்டு, ‘இதற்குள் உன் விருப்பம்’ என்று விட்டுவிடுவதை நாம் பெரிதும் விரும்புகிறோம். தன் பணம் குறைவதைக் கண்ணால் காணும் பிள்ளைக்குத் திரை தானே விலகுகிறது.

முற்றாகத் தடைசெய்வதே நல்லது என்பார் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. தடுத்த விளையாட்டைப் பிள்ளை அடுத்த வீட்டுக் கைப்பேசியில் ஆடும். அங்கே நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம்.

பேத்திக்கு இன்னும் பத்து நிரம்பவில்லை. எனவே எமது கைச்செலவுக் கணக்கு ஒரு பழைய நாட்குறிப்பில் நடந்தது. அந்த உடையின் விலையை டோக்கனிலிருந்து ரூபாயாக மாற்றச் சொன்னோம். பின்னர் அந்த ரூபாய்க்கு மாட்டுங்கா சந்தையில் எத்தனை வாழைப்பழம் வரும் என்று கேட்டோம். விரல்விட்டு எண்ணி, “ஒன்றரை டஜன்” என்றாள். “அவ்வளவையும் மினியன் தின்னுமா தாத்தா?” என்று அவளே சிரித்தாள். கணக்கை முடித்தபின் மனம் மாறிவிடுவாள் என்று எதிர்பார்த்தோம். மாறவில்லை. மாத இறுதியில் தன் கைச்செலவிலிருந்து எடுத்து அவ்வுடையை வாங்கியே தீர்ந்தாள். நாம் தடுக்கவில்லை. நாட்குறிப்பில் அத்தொகையைத் தன் கையாலேயே கழித்து, மீதியைச் சிவப்பு மையில் எழுதினாள். மினியன் அந்த உடையில் இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் நாள் அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விலையைக் கேட்கும் முன்பே நாட்குறிப்பை எடுத்துவரப் போனாள்.