பிரித்து மாட்ட முடிகிற வண்டியை வாங்குங்க!

"பழசை வித்துட்டு லோன் போட்டுப் புதுசு எடுத்துடலாமா?" காயும் எருவும் ஏற்றுகிற எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வண்டியின் வயதைப் பார்க்காதீங்க. அதை உள்ளூர் மெக்கானிக் பிரித்து மாட்ட முடியுமான்னு பாருங்க.

இதற்குச் சாட்சி ஜப்பான்காரர்களின் பழைய வண்டிகள். 2003-ல் பிரிட்டனின் 'டாப் கியர்' தொலைக்காட்சிக்காரர்கள், 3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 1988 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கினார்கள். கடல் ஏற்றத்தில் மூழ்கவிட்டார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் அதை நிறுத்திவிட்டு, கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். சாதாரணக் கருவிகளை வைத்து மெக்கானிக் சரிபார்த்ததும் எஞ்சின் கிளம்பிவிட்டது! வேடிக்கைதான். ஆனால் கவனிக்க வேண்டியது அந்த மெக்கானிக்கை. கையால் சரிசெய்யக்கூடிய எளிய அமைப்பு இருந்ததால்தான் அவரால் முடிந்தது.

1980-களின் டொயோட்டா பிக்கப்புகளில் வந்த 22ஆர் பெட்ரோல் எஞ்சினைப் பாருங்க. 2.4 லிட்டர் எஞ்சின், சக்தியோ ஏறக்குறைய 100 குதிரைத்திறன்தான். வார்ப்பிரும்பு பிளாக், கார்புரேட்டர், அவ்வளவுதான். பாரம் அதிகமில்லாத மாடு மாதிரி, பிழியப்படாத எஞ்சின் நீண்ட நாள் உழைக்கிறது.

அதுக்காக இரும்புக்குச் சாவே இல்லைன்னு நம்பிடாதீங்க. அதே 22ஆர் எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நாளடைவில் உடையும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் வரும். அப்பவே மாற்றினால் செலவு சின்னது. அசட்டையா விட்டால் செயின் உறையை அரித்து, ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்து, எஞ்சினே போகும். அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரை வந்த டகோமா பிக்கப்புகளின் சேஸிஸ் துருப்பிடித்துப் போனதால், மோசமானவற்றை 2008-ல் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. பெயர் பெரிசா இருந்தால் மட்டும் போதாது.

நமக்குத் தெரிந்த உதாரணம் மாருதி ஆம்னி. சுசுகி கேரி வண்டியின் வழியில் 1984-ல் வந்து, 2019 வரை தயாரானது. 796 சிசி, மூன்று சிலிண்டர். இதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் நம்ம ஊர்ப்பக்கம் அபூர்வம்.

எதிர்வாதமும் நியாயமானதே. பழைய வண்டியில் ஏர்பேக் இல்லை, மோதினால் பாதுகாப்பு குறைவு. நஞ்சில்லா உணவு விளைவிக்கிற நாம் கரும்புகை விட்டுக்கொண்டு போவதும் அழகில்லை. புகை கக்குகிற, எஃப்.சி.யில் தேறாத வண்டியைக் கட்டி அழ வேண்டாம்.

ஆனால் நல்ல நிலையில் இருப்பதை ஆசைக்காக விற்காதீங்க. தக்காளி விலை விழுந்த மாசத்திலும் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். வாங்குவதாக இருந்தால் பெயிண்ட்டைப் பார்க்காமல், கீழே படுத்து சேஸிஸைத் தட்டிப் பாருங்க. ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்க. எருவும் பஞ்சகவ்யமும் ஏற்றினால் அன்றைக்கே கழுவிவிடுங்க, அந்த ஈரம் தகரத்தைத் தின்றுவிடும்.

விதையை நம் கையில் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறோம். ஸ்பானரும் நம் ஊரிலேயே இருக்கட்டும்.