கடனுக்கு முன் களம்

சித்தூரில் கல்விக் கடன் மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு, ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நகரியிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்தனர். தந்தை விசைத்தறித் தொழிலாளர். மகன் திருப்பதியில் சிவில் பொறியியல் முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொறியியல் திட்ட மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற இங்கிலாந்து செல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தையின் மஞ்சள் பைக்குள் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரம் இருந்தது. "இதை வைத்துக்கொண்டு கொடுங்கள் சார்; பையன் படித்தால் போதும்" என்றார்.

கடன் வழங்குவது நம் தொழில். ஆயினும் அன்று நாம் கேட்ட முதல் கேள்வி நிலத்தைப் பற்றியதன்று. "தம்பி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் எத்தனை நாள் நின்றிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். கல்லூரியிலிருந்து இரண்டு வாரப் பயிற்சிக்குச் சென்றதாகச் சொன்னார்.

அந்தக் கேள்வி ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தப் படிப்பு வீணான படிப்பன்று. வணிகவியல் படித்த நமக்கு அதன் அருமை கடன் கோப்புகளின் வழியாகவே புரிந்தது. ஒரு தொழிற்சாலைக்கு நூறு கோடி ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் வழங்கப்பட்ட பின் உற்பத்தி தொடங்க ஒரு மாதம் தாமதமானால், வட்டி மட்டும் ஏறக்குறைய 83 இலட்சம். சிமெண்டு விலை ஏறினால் அனைவருக்கும் தெரிகிறது; காலம் கரைவது எவர் கண்ணிலும் படுவதில்லை. அதைக் கணக்கில் கொண்டுவருவதே திட்ட மேலாண்மை.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனமும் அந்நாட்டுக் கடற்படையும் தனித்தனியே வளர்த்தெடுத்த முறைகள் இத்துறைக்கு அடித்தளம். அவற்றின் சாரத்தை அந்தத் தந்தைக்குத் தறியை வைத்தே சொன்னோம். பாவு வரத் தாமதமானால் தறி நிற்கும். சேலை வைக்கும் அட்டைப்பெட்டி இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நூற்றுக்கணக்கான வேலைகளில் எது பாவு, எது பெட்டி என்று முன்கூட்டியே பிரித்தறிவதுதான் இந்தக் கலை. அவர் உடனே தலையசைத்தார்.

நம் பகுதியில் இக்கலைக்குத் தேவை இல்லையா? கண்டலேற்றிலிருந்து கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் தெலுங்கு கங்கைத் திட்டத்திற்கு 1983-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்ரீகாளத்தி, சத்தியவேடு பக்கங்களைக் கடந்து ஊத்துக்கோட்டை எல்லைக்கு முதல் நீர் வந்து சேர்ந்தது 1996-இல். இடையில் பதின்மூன்று ஆண்டுகள். அதன் பின்னரும் கால்வாயின் கரைகளைச் சீரமைக்கும் பெரும்பணி தேவைப்பட்டது. இன்று பலமனேரி, சித்தூர் வட்டாரங்கள் வழியே 262 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை உருவாகிறது. அதற்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் குறித்த காலக்கெடு தாண்டிவிட்டது. திருப்பதியில் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட சீனிவாச சேது மேம்பாலம் கட்டப்பட்ட ஆண்டுகளில், அதன் தூண்களுக்கு அருகில் கடை வைத்திருந்தவர்களுக்குக் கால அட்டவணை என்பதன் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே பட்டம் தேவைதான். எப்போது என்பதே கேள்வி.

நிலம் கையகப்படுத்துவதில் ஒரு வழக்கு வந்தால் என்ன ஆகும், மழைக்காலத்தில் கான்கிரீட் போடுவதா நிறுத்துவதா, பொங்கலுக்கு ஊர் சென்ற தொழிலாளர்கள் திரும்பாவிட்டால் யாரை வைத்து வேலையை நடத்துவது ஆகியவற்றை வகுப்பறையில் சொல்லித் தரலாம். ஆனால் ஒருமுறையேனும் அந்த இக்கட்டில் நின்றவருக்கே பாடம் மனத்தில் தைக்கும். வேலைக்கு எடுப்போரும் இதை அறிவர். திட்டத்தை நடத்தும் பொறுப்பை, ஒரு திட்டத்தையும் கண்ணால் காணாதவரிடம் எவர் ஒப்படைப்பார்? பட்டம் இருந்தும் புதியவருக்குரிய சம்பளமே கிடைக்கிறது. கடன் தவணையோ புதியவர் என்று சலுகை காட்டுவதில்லை.

அந்தக் கணக்கை நகரித் தந்தையின் முன்னிலையிலேயே போட்டோம். மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் இப்பட்டம் ஓராண்டுப் படிப்பு. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 30 இலட்சத்தைத் தாண்டுகிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உண்டு. 10 சதவீதம் என்று கொண்டால் இரண்டு ஆண்டுகளில் 30 இலட்சம் 36 இலட்சமாகிறது. பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 47,500 ரூபாய். மகனின் வேலை தாமதமானால் அந்தத் தவணை தறியின் மேல் விழும். தறி தாங்காவிடில் நிலத்தின் மேல் விழும். பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்கி வேலை தேட இரண்டு ஆண்டுகள் அனுமதி உள்ளது. அதுவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது.

உள்நாட்டு வழிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றில் கட்டுமானத் தொழில்நுட்பமும் மேலாண்மையும் முதுநிலைப் பாடமாக உள்ளன. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவருக்குப் பிணையோ சொத்து ஈடோ இன்றிக் கடன் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் எட்டு இலட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு, வேறு அரசு உதவி பெறாதிருந்தால், பத்து இலட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கலாம்.

நம் கருத்துக்கு மறுப்பு உண்டென்பதையும் அறிவோம். வேலைக்குப் போனவர் மீண்டும் புத்தகத்தைத் தொடுவாரா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானது. சைட் வேலையின் களைப்பில் படிப்பை மறந்தவர்கள் உண்டு. மகள்களைப் பெற்றோருக்குக் கவலை இன்னும் கூடுதல். தங்குமிடமும் கழிப்பறையும் முறையாக இல்லாத பணியிடங்கள் இன்றும் உள்ளன. திருமணப் பேச்சும் குறுக்கே வரும். அவர்களுக்குப் பிளானிங், பில்லிங், தரக் கட்டுப்பாடு ஆகிய பிரிவுகளில் தொடங்குவதும் களம்தான். நாம் கேட்பது பத்தாண்டுகளை அல்ல; இரண்டு ஆண்டுகளை. படிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கால அட்டவணை போடச் சொல்கிறோம். எந்த மாதம் வேலை, எந்த ஆண்டு தேர்வு, எவ்வளவு சேமிப்பு, கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதத் தெரியாதவர், திட்ட மேலாண்மை படிக்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே கொள்ளலாம்.

நகரி இளைஞர் அன்று முகம் வாடித்தான் போனார். பிறகு ஒரு சாலைப் பணியில் துணை ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டின் இறுதியில் முகம் கறுத்து, கையில் கேட் மதிப்பெண் பட்டியலுடன் நம் மேசைக்கு வந்தார். கேட்ட கடன் நான்கு இலட்சம். எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார். ஒரு சிறுபாலத்தின் வரைபட ஒப்புதலுக்காக நாற்பது பேர் பதினொரு நாள் சும்மா இருந்த கதையைச் சொல்லி, "அதை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் சார்" என்றார். முதல்முறை வந்தபோது அவரிடம் பட்டத்தின் பெயர் மட்டுமே இருந்தது.

பெற்றோருக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. முகவரிடம் முன்பணம் கட்டிய பிறகு வங்கிக்கு வராதீர்கள். கட்டுவதற்கு முன் வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.