வடிகட்டி என்னும் பிழைச்சொல்

ஆக்சோலாட்டல் வளர்க்க விரும்புவோர் மீன்கடையில் முதலில் கேட்பது, எந்த வடிகட்டி வாங்குவது என்பதே. கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: மணிக்கு எத்தனை லிட்டர் நீரை இறைக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, பெரியதை வாங்க வேண்டும். இவ்விடை தவறு. அத்தவறு இரண்டு சொற்களிலிருந்து பிறக்கிறது: மீன், வடிகட்டி.

'மெக்சிகோவின் நடக்கும் மீன்' என்ற வணிகப் பெயரால் அறியப்படும் இவ்வுயிரி மீனே அன்று. மெக்சிகோ நகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட சலமாந்தர் அது. வளர்ந்த பின்னும் புறச்செவுள்களுடன், அசைவு குறைந்த குளிர்நீரின் அடித்தரையில் வாழ்வது. தொட்டியின் கொள்ளளவைப் போல் நான்கைந்து மடங்கு நீர் மணிக்கு மணி சுழல வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் வகுத்த கணக்கு. அக்கணக்கின்படி ஒரே முனையிலிருந்து நீரைப் பீய்ச்சினால் ஆக்சோலாட்டலின் செவுள்கள் முன்னோக்கி வளையும், வால்நுனி சுருளும், இரை வெறுக்கும். பெயர் மீன் என்றானதால் அளவுகோலும் மீனுக்கானதாகிவிட்டது.

இரண்டாம் சொல் இன்னும் ஆபத்தானது. வடிகட்டி என்றதும் தேயிலைச் சக்கையைத் தடுக்கும் வலையே மனத்தில் எழுகிறது. ஆனால் தொட்டியில் உயிரைக் குடிப்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அன்று. நீரில் கரைந்த அம்மோனியா. அது எந்த வலையிலும் சிக்காது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். ஃபில்டர் அவற்றின் குடியிருப்பு. அக்குடியேற்றம் நிலைபெற ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். எனவே கருவியையும் விலங்கையும் ஒரே நாளில் விற்பவர் விற்பது காலியான குடியிருப்பையே. குளோரின் கலந்த குழாய்நீரில் ஸ்பாஞ்சைப் பளபளவென்று கழுவுவதும் அக்குடியை அழிப்பதே. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதே முறை.

இவ்விரு சொற்களையும் விலக்கிவிட்டால் தேர்வு தெளிவாகும். பாக்டீரியாவுக்குப் பரந்த இடம், விலங்குக்கு மெல்லிய ஓட்டம் என்ற இரண்டையும் ஒருசேரத் தருவதே தக்க ஃபில்டர். ஏர் பம்ப்பால் இயங்கும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதை எளிதாக நிறைவேற்றும். மின்தடையிலும் பேட்டரி பம்ப் அதைக் காக்கும். கேனிஸ்டர் ஃபில்டரில் இடம் மிகுதி என்பது உண்மை. ஆனால் வெளிவரும் நீரைத் துளையிட்ட குழாய்வழிச் சுவரை நோக்கித் திருப்ப வேண்டும்; உறிஞ்சும் வாயை ஸ்பாஞ்சால் மூட வேண்டும். மின்சாரம் பல மணிநேரம் நின்றால் மூடிய கலத்துள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியும் என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும்.

எந்த ஃபில்டரும் செய்யாத பணி ஒன்று உண்டு: நீரைக் குளிர்விப்பது. ஆக்சோலாட்டலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24ஐத் தாண்டினால் துன்பம். நாக்பூரின் மே மாதத்தில் அறையில் வைத்த நீர் தானாகவே 30ஐ எட்டும். வெப்பம் ஏற ஏற நீரில் பிராணவாயு குறையும். அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். காரகாடித்தன்மை எண் 8 உள்ள நீரில், 18 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் அம்மோனியாவின் நச்சு வடிவம் இரு மடங்குக்கும் மேலாகும். நீருள் மூழ்கி ஓடும் மோட்டாரோ தன் வெப்பத்தையும் சேர்க்கும். ஆகவே சில்லரைத் தவிர்த்துவிட்டு விலையுயர்ந்த ஃபில்டரைப் பரிந்துரைப்பது அறிவுரை ஆகாது. அது வெறும் வணிகம்.

அறுந்த காலையே மீண்டும் வளர்த்துக்கொள்ளும் உயிரிக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வாதிடுகின்றனர். உயிரியல் பயின்றோரும் இதைச் சொல்வதுதான் வியப்பு. இழந்த உறுப்பை வளர்க்கும் ஆற்றல் வேறு. நஞ்சைத் தாங்கும் ஆற்றல் வேறு. நீருயிரிகளின் செவுள்களையும் தோலையும் அரிக்கும் அம்மோனியா, மீளுருவாக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

காட்டில் மறையும் நிலையிலுள்ள ஓர் உயிரினத்தை விடுதி அறையின் அலங்காரமாக்கும் ஆசைக்குக் குறைந்தபட்ச நிபந்தனைகள் மூன்று: முதலில் குளிர்ந்த நீர், அடுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதனைக் குழாய் காட்டும்வரை பொறுமை, அதன் பின்னரே விலங்கு. முதல் இரண்டையும் ஏற்க மறுப்பவர் எந்த ஃபில்டரை வாங்கினாலும் பயனில்லை. அவருக்குச் சொல்லத்தக்க நேர்மையான பரிந்துரை, ஆக்சோலாட்டலை வாங்காதிருப்பதே.