இப்போது யாருடைய முறை?

கோடை விடுமுறை வந்தாலும் வந்தது, எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே புகார்தான். "எந்நேரமும் போன்தான்! ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் போன்!" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், முப்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "நீங்கள் சின்ன வயதில் மாரியோ ஆடியதில்லையா?"

அவ்வளவுதான். முகத்தில் இருந்த அலுப்பு எங்கே போகிறதோ தெரியாது. "ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்!" என்று ஆரம்பித்து, கான்ட்ரா, சர்க்கஸ், கார் ஆட்டம், டாங்கி ஆட்டம், வாத்துச் சுடும் ஆட்டம் என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். பிள்ளையைப் பற்றிய புகார் அன்றைக்கு அதோடு சரி!

சகோதரிகளே, இந்த வாரம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் உங்களோடு பேச உத்தேசம்.

* * *

அந்தப் பெட்டிக்குப் பூர்வீகம் ஜப்பான். கியோட்டோ நகரத்தில் 1889-ஆம் வருஷம் சீட்டுக்கட்டு தயாரிப்பதற்காக ஆரம்பித்த கம்பெனி நிண்டெண்டோ. அது 1983-இல், டெலிவிஷனில் மாட்டி விளையாடும் ஒரு யந்திரத்தை வெளியிட்டது. மசாயுகி உவெமுரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவான அந்த யந்திரத்துக்கு 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்று பெயர், செல்லமாக 'ஃபேமிகாம்'. மேல்நாடுகளில் வேறு பெயரில் விற்றதையும் சேர்த்து உலகம் முழுவதும் 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்றன. 2003-இல்தான் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

இந்தக் கணக்கில் எங்கள் போடிநாயக்கனூர்ப் பெட்டி சேராது. ஏனென்றால் எங்களுக்கு வந்தது அசல் அல்ல. அசலைப் பார்த்துச் செய்த நகல். லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று வாய்க்கு வந்த பெயர்களில் நம் நாட்டில் அவை விற்பனையாயின. கூடவே வரும் கேசட்டில் '9999999 ஆட்டங்கள்' என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து இருபது ஆட்டங்களே திரும்பத் திரும்ப வெவ்வேறு பெயரில் வரும். எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

1998-ஆம் வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த கம்பம் மாமா, மதுரையில் வாங்கியதாகச் சொல்லி ஓர் அட்டைப் பெட்டியை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கினார். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அன்றைக்கு ராட்டினத்துக்குக் கூட நாங்கள் கிளம்பவில்லை என்றால் பாருங்களேன்!

பெட்டியை மாட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. டி.வி.யின் பின்னால் இருக்கும் கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் இதன் ஒயரைச் செருக வேண்டும். ஆகவே ஆட்டம் ஓடினால் சீரியல் ஓடாது. சீரியல் ஓடினால் ஆட்டம் ஓடாது. எங்கள் அப்பத்தாவோ சீரியல் பக்தை. "எம்புட்டு நேரமாடா அந்தக் குரங்கு குதிச்சுக்கிட்டே இருக்கும்?" என்பாள். மாரியோவைத்தான் சொல்கிறாள்!

"ட்யூப் போயிரும்டா" என்பது அம்மாவின் கவலை. நாங்கள் சிரிப்போம். இப்போது விசாரித்தால் அது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லையாம். பழைய டி.வி.யில் ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், அதன் தடம் திரையில் படிந்துவிடுவது உண்டு.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி, வாயால் 'பூ' என்று ஊதி மறுபடி சொருகுவோம். உலகம் முழுவதும் பிள்ளைகள் இதையே செய்தார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்களோ! உண்மையில் ஊதியதால் பலன் இல்லை. எடுத்துத் திரும்பச் செருகும்போது உலோக முனைகள் நன்றாகப் பொருந்தியதுதான் காரணம். எச்சில் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்ததாம்.

* * *

மாரியோ 1985-இல் வந்த ஆட்டம். எட்டு உலகங்கள்; ஒவ்வொன்றிலும் நாலு கட்டங்கள்; மொத்தம் 32. இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம்! காலையில் உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு ரோஜாப்பூ 'காலை வணக்கம்' பெரும்பாலும் அதைவிடப் பெரியது. சிக்கனத்தைக் கேளுங்கள்: வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்! பழைய சேலையைத் தாவணியாக்கிய வீடுகளில் வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?

அதில் இரண்டு பேர் ஆடலாம். ஆனால் சேர்ந்து அல்ல. முதல் ஆள் செத்த பிறகுதான் இரண்டாம் ஆளுக்கு முறை வரும். முதல் ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே எப்பச் சாவான்னு பாத்துக்கிட்டே இருக்கேம்மா!" என்று ஒருநாள் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! வாயில நல்ல வார்த்தையே வராதாடி ஒனக்கு?" என்று கரண்டியோடு ஓடிவந்தாள் அம்மா.

ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கும் வசதியும் அந்தப் பெட்டியில் இல்லை. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே இறங்கும் காற்று பெயர்போனது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாவது உலகத்தில் நிற்கும்போது அந்தக் காற்றில் கரண்ட் போயிற்று. அன்று அவன் அழுதான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

கான்ட்ராவில் இருவரும் சேர்ந்தே ஆடலாம். அதில் மூன்றாவது கட்டம் ஓர் அருவி. ஒருவன் விறுவிறுவென்று மேலே ஏறினால் திரையும் அவனோடு ஏறும். பின்தங்கியவள் கீழே மறைந்து செத்துப்போவாள். தினமும் இதற்கொரு பஞ்சாயத்து!

மூன்று உயிரை முப்பதாக்கும் ரகசியம் ஒன்று உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கம்பம் மாமா மகன் எங்களுக்கு மந்திரம் போல உபதேசித்தான். கசுஹிசா ஹஷிமொட்டோ என்பவர் 1986-இல் வேறோர் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கையில், அது தமக்கே கடினமாக இருக்கிறதென்று இந்தக் குறுக்குவழியை வைத்துக்கொண்டாராம். செய்தவருக்கே முடியவில்லை என்றால் எங்களைச் சொல்வானேன்?

வாத்துச் சுடும் துப்பாக்கியிலும் ஒரு சூட்சுமம். அதிலிருந்து எதுவும் வெளியே வருவதில்லை; துப்பாக்கிதான் டி.வி.யைப் பார்க்கிறது! விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் இருக்கும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழும். இப்போதைய தட்டை டி.வி.க்களில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

* * *

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா ஏலக்காய்க் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். போடியில் பல வீட்டுப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. தரையில் உட்கார்ந்து, முன்னால் கொட்டிய குவியலில் பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய், பருமனானது, சிறியது என்று ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். வைகாசி மாதத்தில் மலையிலிருந்து காய் வரத்து குறைவு. வேலை இல்லாத நாட்களில் அம்மா வீட்டில் இருப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம். அண்ணன் கிரிக்கெட்டுக்குப் போயிருந்தான். அப்பத்தா உறக்கம். நான் கொல்லையிலிருந்து உள்ளே வந்தால், டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் சம்மணம் போட்டு அம்மா! கையில் அண்ணனுடைய ஜாய்ஸ்டிக்!

"தூசி தட்டுனேன்டி" என்றாள் திடுக்கிட்டு.

திரையில் ஓடியது டெட்ரிஸ். நாங்கள் 'கட்டை ஆட்டம்' என்போம். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 1984-இல் உண்டாக்கிய ஆட்டம். ஏழே வகைக் கட்டைகள்; ஒவ்வொன்றிலும் நாலே சதுரம். அண்ணன் அதைச் சீந்துவதில்லை. சுடவும் குதிக்கவும் அதில் ஒன்றும் இல்லையே! அம்மா அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒரு பொத்தல் இல்லை.

"யாருகிட்டயும் சொல்லாத தாயி" என்றாள்.

இரண்டு வாரம் அது எங்கள் இருவருக்குமான ரகசியம். கட்டையைத் திருப்பும் பொத்தானை நான்தான் காட்டிக்கொடுத்தேன். மற்றதெல்லாம் அவளாகக் கற்றது. "கை எடுக்கறதுக்கு முந்தி கண்ணு எடுத்துரணும்" என்பாள். கிடங்கில் பழகிய வித்தை! கட்டைகள் வேகமாக விழ விழ, அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்த மாதிரி அம்மா சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பதினைந்தாம் நாளோ என்னவோ, அடுப்பில் பருப்பு தீய்ந்துபோயிற்று.

வாடை தெருவரை போயிற்று. அப்பத்தா எழுந்து வந்தாள். அப்பாவும் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "பச்சப்புள்ளையா நீ? நாலு பேரு கேட்டாச் சிரிப்பாகளே!" என்றாள் அப்பத்தா. அப்பா சிரித்தார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். ரகசியத்தில் பாதிப் பங்குக்காரியான நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மா ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். பிறகு அந்தப் பெட்டியை அவள் தொடவே இல்லை. யாரும் தடுக்கவில்லை, அவளேதான் தொடவில்லை.

அதே வருஷம் அரையாண்டுத் தேர்வில் அண்ணன் கணக்கில் 28 வாங்கினான். பெட்டி பரண்மேல் ஏறியது. மூன்றாம் நாள் இறங்கியது! ஒரு சட்டி பருப்புக்கு ஓர் ஆயுள் தண்டனை. கணக்குக்கு இரண்டு நாள். அப்போது எனக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை.

* * *

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நின்றிருந்த போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஓட ஆரம்பித்தது. போன பொங்கலுக்கு அதில்தான் ஊருக்குப் போனேன். பையில் ஒரு சாமான் இருந்தது. பழைய ஆட்டங்கள் 400 அடங்கியது என்று கடைக்காரர் கொடுத்த, உள்ளங்கை அளவுப் பெட்டி. என் பிள்ளைக்கென்று வாங்கியது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள்.

"அந்தக் கட்டை அடுக்குறது இருக்கா இதுல?"

இருந்தது. அவள் திண்ணையில் உட்கார்ந்தாள். இரண்டு கட்டை தப்பாக விழுந்தது, மூன்றாவதிலிருந்து தப்பவில்லை. "பாட்டி, எனக்கு, எனக்கு" என்று என் மகன் பரபரத்தான்.

"இருடா, பாட்டி முறை முடியட்டும்" என்றேன்.

உள்ளே அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

"நான் பாத்துக்கிறேம்மா. நீ ஆடு."

சகோதரிகளே, பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்கும் முன் ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு முறை கொடு" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ இருந்தால், அவர்களுக்கும் ஒரு முறை கொடுங்கள். அடுப்பை அன்றைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்!