மழை வேண்டும் மலைமக்கள்

ஓர் இனத்தாரின் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. அந்நம்பிக்கை அவர்தம் வாழ்வில் என்ன பணியைச் செய்கின்றது என்று ஆராய்ந்தறிதலோ அரிது. எளியதைச் செய்து அரியதைக் கைவிடும் வழக்கம் கற்றோரிடத்தும் மிக்கிருத்தலின், டிடிங்கா மக்களைச் சான்றாகக் கொண்டு எம் கருத்தை ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

தென் சூடான் நாட்டின் தென்கிழக்கில், உகாண்டா எல்லைக்கு அண்மையில் டிடிங்கா மலைகள் உள்ளன. அவற்றுள் லோட்டுகே என்னும் சிகரம் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரமுடையது. இம்மலைகளில் வாழ்வோர் சோளமும் மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிடுவர்; எனினும் மாடுகளையே தம் மெய்யான செல்வமாக மதிப்பர். மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு மாடுகள் கொடுத்தே திருமணம் முடிப்பர். ஆடவர் வயதுக்கு ஏற்ற குழாங்களாகப் பிரிந்து, தத்தம் குழாத்திற்குரிய கடமைகளைச் செய்வர். இவர்கள் மொழி சுர்மிக் என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. மூர்லே, நாரிம், தென்னட் ஆகிய மொழிகள் அதற்கு நெருங்கிய உறவுடையன.

இறந்த முன்னோரைப் போற்றுதலும், ஆவிகளுக்குப் பலியிடுதலும், மழைவேண்டிச் சடங்கு செய்தற்கு ஒருவரை உரியராகக் கொள்ளுதலும் இவர்தம் பழைய சமயத்தின் கூறுகள். இவற்றைக் கேட்ட அளவில் நகைப்பாரும் உளர். அவரை யாம் ஒன்று கேட்போம். மழை பொய்த்தால் புல் கருகும். புல் கருகினால் மாடு மெலிந்து பால் வற்றும். மாடு மடிந்தால் இளைஞரின் மணம் தடைப்படும். நீரும் மேய்ச்சலும் தேடிச் செல்லுங்கால் அயலாரோடு பூசல் மூளும். மழை ஒன்றையே இங்ஙனம் நம்பி வாழும் ஊரார், தம் அச்சத்தையெல்லாம் ஒன்றுகூட்டி ஒரே குரலில் வெளியிடும் இடமன்றோ அச்சடங்கு? அது மேகத்தை அசைக்குமா என்பது ஒரு வினா. மாந்தரைச் சேர்த்து நிறுத்துமா என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு விடை கூறிவிட்ட காரணத்தால் இரண்டாவதை மறந்துவிடலாகாது.

மழைவேண்டுவோர் பதவி வெறும் ஏமாற்று என்பாரும் உளர். அவர், சைமன் சிமோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1992-இல் வெளியிட்ட நூலை நோக்குக. அப்பகுதியின் அண்டை இனத்தார் சிலரிடத்து, மழை பெய்யாக் காலத்தில் மழைத்தலைவரையே குற்றவாளியாக்கிக் கொன்ற செய்திகளை அந்நூல் விரித்துரைக்கின்றது. உயிரையே பணயமாக வைத்து ஏற்கும் பதவியை ஏமாற்று என்று எங்ஙனம் கூறுவது?

ஆயின், பழமை அனைத்தும் நன்று என்பது எம் கருத்தன்று. சடங்கைக் காரணமாகக் கூறி மனிதனைக் கொல்லுதலை எவ்வறமும் ஒப்பாது. மாடுகள் கொடுத்தே மணம்புரிய வேண்டுமென்னும் வழக்கம், மாடற்ற இளைஞரை அயலார் நிரையைக் கவரத் தூண்டுவதும் உண்டு. முன்னர் வேலும் அம்பும் கொண்டு நிகழ்ந்த அப்பூசல், 1955 முதல் 1972 வரையும் 1983 முதல் 2005 வரையும் நடந்த போர்களால் துப்பாக்கிகள் மலிந்தபின் பெருங்கொலையாயிற்று. இக்கேட்டினை மக்களின் நம்பிக்கை மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. ஆயுதங்களைக் கொணர்ந்தோர்க்கும் அதில் பங்குண்டு.

இன்னொன்றும் கருதத்தக்கது. டிடிங்கா மக்களை நெடுங்காலம் வெளியுலகம் அறிந்தது பெரும்பாலும் ஜாக் ஹெர்பர்ட் டிரைபெர்க் என்னும் ஆங்கில அதிகாரியின் எழுத்து வாயிலாகவே. 1930-இல் அவர் இவர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். இவர்தம் பாடல்களையும் மொழிபெயர்த்தார். பரிவோடு எழுதினார் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆள வந்தவர் எழுதியது ஆளப்பட்டோர் தாமே கூறியதாகாது. முதற்போரில் உகாண்டாவுக்கு ஓடிய குடும்பங்களின் மக்கள் பலர் ஆண்டுப் பள்ளிகளில் பயின்றனர். இன்று டிடிங்கா மொழியும் எழுத்துருப் பெற்றுள்ளது. தம் முன்னோர் வழக்கத்தில் கொள்ளுவது எது, தள்ளுவது எது என்று தீர்க்கும் உரிமை அம்மக்களுக்கே உரியது.

இக்கல்லூரியினின்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஊழியராகவும் பிற இனத்தாரிடம் செல்லவிருக்கும் நண்பர்களுக்கு யாம் கூறுவது இதுவே: அவர்தம் மொழியை முதலில் கற்மின், அவர் அஞ்சுவது எதற்கு என்று உசாவுமின், அதன்பின் வாய் திறமின். மாறாக, தீர்ப்பை எழுதிக்கொண்டு வழக்கைக் கேட்கப் புகுதல் கல்விக்கும் அழகன்று, அன்புக்கும் அழகன்று.