வட்டமும் கட்டங்களும்

பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்நுட்பம் நம் கலைகளைக் காப்பாற்றியது என்ற வாக்கியம் இப்போது ஏறத்தாழ ஒரு பொது உண்மையாகிவிட்டது. அண்மையில் கோவையை அடுத்த ஒரு கல்லூரியின் விழாவிலும் அதைச் சொன்னார்கள். சான்றாக, 2020-இல் தங்கள் மாணவியர் குழு இணையவழியில் நிகழ்த்திய வள்ளி கும்மியைத் திரையிட்டார்கள். திரையில் பதினாறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பெண். பின்னணியில் மொட்டைமாடி, துணிக்கொடி, அடுக்கிய மூட்டைகள். பதினாறு பேரும் ஒரே கணத்தில் குனிந்து ஒரே கணத்தில் கைதட்டினார்கள். அரங்கம் ஆரவாரித்தது. நண்பர்கள் மன்னிக்க வேண்டும், நான் பார்த்தது கும்மி அல்ல.

அந்த மாணவியரையோ அவர்களின் ஆசிரியரையோ குறை கூறுவது என் நோக்கமன்று. 2020 மார்ச் 25 அன்று நாடு அடைக்கப்பட்டபோது பங்குனி பாதியைக்கூட எட்டவில்லை. கொங்குநாட்டு ஊர்களில் மாரியம்மன் நோன்பிக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சுற்றி ஆடும் பருவம் அது. ஆட்டம் முழுவதும் நின்றுபோன வேளையில், வீட்டுக்குள் முடங்கிய பிள்ளைகளை ஓர் ஆசிரியர் நாள்தோறும் அழைத்து அடவு பழக்கினார் என்றால் அவரை வணங்கவே வேண்டும். என் மறுப்பு, அந்தப் பயிற்சியின் விளைவுக்கு நாம் சூட்டிய பெயரைப் பற்றியது.

கும்மியில் கைத்தட்டே தாளக்கருவி. பத்து மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் எதிரே நிற்பவளின் தட்டு, ஒரு விநாடியை நூறாகப் பகுத்தால் அதில் மூன்று பங்கு நேரத்தில் நம் காதை எட்டிவிடும். காணொளி அழைப்பில் அதே ஒலி வந்துசேரப் பத்தில் ஒரு பங்கு, பத்தில் இரண்டு பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். அந்தத் தாமதமும் நிலையாக இராது. விநாடிக்கு மூன்று தட்டுகள் விழும் விரைவில் இது பாதித் தட்டுக்கும் மேற்பட்ட பிழையாகிவிடக்கூடும். போதாக்குறைக்கு, அந்தச் செயலிகள் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. கைத்தட்டையும் கொட்டையும் இரைச்சல் என்று கணித்து அடக்கிவிடும். கும்மியின் உயிரே அந்தக் கருவிக்குக் குப்பை.

எனவே எல்லோரும் செய்ததையே இவர்களும் செய்தார்கள். பதிவு செய்த பாட்டு ஒன்று கைப்பேசிகளுக்குப் போயிற்று. ஒவ்வொருத்தியும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனியே ஆடிப் படமெடுத்து அனுப்பினாள். ஒருவர் வெட்டி ஒட்டினார். அவர்களில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “பதினோரு தடவை எடுத்தேனுங்க சார். காதுல பாட்டு மட்டும்தான். நான் தட்டுற சத்தம் எனக்கே கேக்கலீங்க.”

இந்த ஒரு வரியே என் வழக்குக்குப் போதுமானது. குழு ஆட்டம் என்பது பதினாறு பேர் ஒரே அடவைப் போடுவது மட்டுமன்று. பதினாறு பேர் ஒருவரையொருவர் கேட்டு ஆடுவது. ஒருத்தி பிந்தினால் பக்கத்தில் நிற்பவள் அரைக்கணம் தாங்கிப் பிடிக்கிறாள். பாடுபவர் அதைக் கண்டு நடையைத் தளர்த்துகிறார். திரையில் தெரிந்த அந்தப் பிசிறற்ற ஒற்றுமையை உண்டாக்கியவர் படத்தொகுப்பாளர்.

எரிக் விட்டேக்கரை எடுத்துக்காட்டுவார்கள். 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரின் தனித்தனிப் பதிவுகளை இணைத்து அவர் ஒரு சேர்ந்திசையை உருவாக்கினார். ஆனால் அதற்கு ‘மெய்நிகர் சேர்ந்திசை’ என்றே பெயரிட்டார். அது வேறொரு வடிவம் என்பதை மறைக்கவில்லை. நாமும் அந்த நேர்மையைக் கடைப்பிடித்திருக்கலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்களின் ஆட்டமாக இருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்பித்தவர் அவர். இந்தப் பெண்கள் அடைந்தது அடவுகளை மட்டுமா? ஊர் பார்க்க, இரவில், பொதுவெளியில் ஒன்றாக நிற்கும் உரிமையையும் அல்லவா? அதே பெண்ணை வீட்டுச் சுவருக்குள் தனியே ஆடவைத்தது நோய். அது நம் குற்றமல்ல. ஆனால் நோய் தணிந்த பிறகும் ‘இதுவும் கும்மிதான்’ என்று மேடையேறிச் சொன்னால், வட்டம் இல்லாமலும் கும்மி உண்டு என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். அடுத்த முறை ‘அவ்வளவு தூரம் எதற்கு, வீட்டிலிருந்தே ஆடி அனுப்பேன்’ என்று ஒரு தகப்பனார் சொன்னால் அவளிடம் என்ன பதில் இருக்கும்?

பாடுபவரையும் கொட்டுபவரையும் பற்றி அந்த விழாவில் யாரும் பேசவில்லை. கைப்பேசிக்குப் போன அந்த ஒற்றைப் பதிவு அவர்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. அன்று மாலை அதே மேடையில் மாணவியர் நேரில் ஆடியபோதும் ஒலிபெருக்கியில் ஓடியது பதிவு செய்த பாட்டுத்தான்.

அந்தக் காணொளியைக் கல்லூரி பத்திரமாக வைத்திருக்கட்டும், 2020-இன் ஆவணமாக. அடுத்த விழாவில் ஒரு பாடகரையும் இரண்டு கொட்டுக்காரர்களையும் ஊதியம் கொடுத்து அழைத்து, பிள்ளைகளை மைதானத்தில் வட்டமாக நிறுத்தட்டும். தாளம் தப்பினாலும் பரவாயில்லை.