அடித்தவன் ஒருவன், கட்டுபவன் ஒருவன்

கேஷியராக 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் என் கைக்காசைத்தான் போட்டுக் கட்டினேன்.

சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருக்குக் கீழே இருந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்தார்கள். நஷ்டஈடு கட்டியது நகரம். 2015-இல் ஒதுக்கியது மட்டும் 55 லட்சம் டாலர். சித்திரவதையை மறைக்கப் பொய் சொன்னதாக 2010-இல் பர்ஜ் மீது குற்றம் நிரூபணமானது. ஆனாலும் சாகும்வரை போலீஸ் பென்ஷன் வாங்கினார்!

பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் அவர் வீட்டார் கட்டிய வரியும் இருக்கிறதே! அடித்தவன் பென்ஷனில் ஒரு பங்காவது பிடிக்காவிட்டால், அடுத்தவன் கை ஓங்க ஏன் யோசிப்பான்?